மாமா கதிரையோடு படம் பார்க்க வந்த நாள்

எனக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்த மாப்பிள்ளை, எனக்குக் கலியாண வயது வந்தபோது எனக்கு மச்சாளாகிவிட்டாள்.

இதை யாருக்குச் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, சிரித்தது சரியோ பிழையோ என்று தெரியாமல் நிற்பார்கள். சிரிக்கலாம். நாங்களும் சிரித்தோம், எங்களில் அதிகம் சிரித்தவள் அவள்தான். ஆனால் எல்லாருமாகச் சேர்ந்து சிரிக்க மூன்று வருடம் எடுத்தது. அதற்கு ஒரு ஹிந்திப் படமும் தேவைப்பட்டது.

அம்மாவின் தம்பிதான் மாமா. யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான சரவணையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஒரு பனங்காணியும் நடந்து போகிற ஒரு மண் ஒழுங்கையும்தான். மாமாவின் மனைவி நேரத்தோடு இறந்துவிட்டார். மிஞ்சியது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையை மகன் என்றுதான் ஊர் நினைத்திருந்தது, மாமாவும் நினைத்திருந்தார். என் வயதுதான். நாங்கள் இருவரும் மண் சோறு காய்ச்சிய காலத்திலேயே பெரியவர்கள் எங்களுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். காணி வெளியில் போகாது என்பதுதான் அதிலிருந்த பெரிய காதல்.

பிறகு நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால், அறைக்குள் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் மச்சான் என்னுடைய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கண் சேலை மடிப்பில் போய் நின்றுவிட்டது. நான் கட்டினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் சேலை அது. அன்றைக்கு ஒரு ஊசியும் இல்லாமல், குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற மாதிரி நேராக இறங்கி நின்றது.

“இதென்னண்டு இப்பிடி நிக்குது?” என்றுதான் கேட்டேன்.

“மடிப்புப் பிடிக்கேக்கை நீர் மூச்சை விடுறீர். அதுதான்.”

சொல்லிவிட்டுக் கட்டிலில் இருந்து அழத் தொடங்கிவிட்டார். நான் கதவைச் சாத்தினேன். நெடுநேரம் கழித்து, “எனக்கு உம்மைக் கட்ட ஏலாது. நான் ஆம்பிளை இல்லை. எனக்கு அறிவு தெரிஞ்ச நாள் முதல் தெரியும்,” என்று வந்தது.

“எனக்கும் உம்மைக் கட்ட விருப்பமில்லை,” என்றேன். “கட்டினால் பிறகு நான் மனம் விட்டுக் கதைக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?”

“அப்ப இனி நான் உமக்கு ஆர்?”

“மச்சாள்தான். வேறை ஆர்? முறை மாறேல்லையே, எழுத்துத்தானே மாறுது.”

அப்போதுதான் அவள் சிரித்தாள். அந்த நாள் முதல் அவள் எனக்கு மச்சாள். திருநங்கை என்று மரியாதையாகச் சொல்ல இப்போது ஒரு சொல் இருக்கிறது. அப்போது எங்கள் ஊரில் இருந்த சொற்களை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

மாமாவிடம் அவளே போய்ச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மறுநாள் காலை அவளுடைய ட்ரங்குப் பெட்டி ஒழுங்கைக்குள் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா எங்கள் படலையடியில் வந்து நின்றார். முகம் ஒரே இரவில் கிழடாகியிருந்தது.

“அக்கா, எனக்குப் பிள்ளை இல்லை.”

அம்மா பெட்டியின் ஒரு பிடியையும் மச்சாள் மறு பிடியையும் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அம்மா நிற்கவில்லை. “உனக்கில்லாட்டி எனக்கு இருக்கட்டும்,” என்றார்.

“அப்பிடியெண்டால் இனி உன்ரை வீட்டுத் தண்ணி என்ரை வாயிலை படாது! உன்ரை கதிரையிலை நான் இருக்கமாட்டன்!”

“கதிரை உன்னைக் கேட்டதோ?” என்று அம்மா படலையைச் சாத்தினார்.

மூன்று வருடம் மாமா சொன்ன சொல்லைக் காத்தார். மச்சாள் எங்களோடு இருந்தாள். ஆடு வளர்த்தாள், மிளகாய் போட்டாள், அதைச் சைக்கிளில் கட்டி வேலணைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றாள். பேரம் பேசுவதில் அவளை வெல்ல ஆள் இல்லை. ஆனால் எல்லாம் இப்படி லேசாகப் போகவில்லை. அவள் தனியாக மறித்தால் பஸ் நிற்காது. கோயிலில் ஒரு நாள் பெண்கள் பக்கம் நின்றவளைப் பின்னுக்குப் போகச் சொன்னார்கள். ஆண்கள் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் வீட்டிலேயே விளக்கை ஏற்றிக் கும்பிட்டாள். “சாமிக்கு என்னைத் தெரியும், ஐயருக்குத்தான் குழப்பம்,” என்று பகிடி விடுவாள். சொன்ன பிறகு கிணற்றடியில் போய் அதிக நேரம் முகம் கழுவுவாள்.

அந்தக் காலத்தில்தான் அத்தான் பம்பாயிலிருந்து திரும்பி வந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஜெர்மனிக்குப் போகவென்று வெளிக்கிட்டவர். ஏஜென்சிக்காரன் பம்பாயில் ஒரு லொட்ஜில் கொண்டுபோய் இருத்தி, ‘நாளைக்கு ஃபிளைட், நாளைக்கு ஃபிளைட்’ என்று மாதக்கணக்கில் சொல்லி, கடைசியில் தான் மட்டும் ஃபிளைட் ஏறிவிட்டான். அத்தான் ஒரு சூட்கேசோடும் கொஞ்ச ஹிந்தியோடும் ஊர் வந்து சேர்ந்தார். சூட்கேசுக்குள் அக்காவுக்கு இரண்டு நைலெக்ஸ் சேலை, அம்மாவுக்கு ஒரு டோர்ச் லைட், பிறகு ஒரு வீடியோக் கசெற்.

“இது ஒரு படம். பாக்கவேணும். எல்லாரும் பாக்கவேணும்,” என்றார். என்ன படம் என்று கேட்டால், “குடும்பப் படம்” என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

படம் போடுவது அப்போது சின்ன வேலை இல்லை. யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய் ரிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து வரவேண்டும். பொழுதுபட்டால் ஆட்கள் வெளியில் இறங்கப் பயப்படுகிற காலம் என்பதால் பகலில்தான் காட்டலாம். பகலில் காட்டுவதென்றால் வெளிச்சத்தை மறைக்கவேண்டும். எங்கள் வீட்டு ஹோலின் ஜன்னல்களையெல்லாம் சாக்கால் மூடி ஆணி அடித்தோம். பங்குனி வெயில். வாசல் கதவையும் சாத்தியதும் உள்ளே புகையிலை உலர்த்துகிற குடில் மாதிரி இருந்தது. அதற்குள் ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து இருந்துவிட்டது: முன்னால் பிள்ளைகள், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். சங்கக்கடை மனேச்சர் வெள்ளைச் சேட்டோடு வந்திருந்தார். எதிர்வீட்டு அக்கா தன் ஆறு பிள்ளைகளோடும் வந்திருந்தார். மச்சாள் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் குசினிக் கதவடியில் நின்றாள். உள்ளே வந்து இரும் என்றேன். “இங்கை காத்து வருது,” என்றாள்.

அத்தான் கசெற்றைப் போடப் போன நேரம் படலை திறந்தது. மாமா வருகிறார். தலையில் ஒரு கதிரை. அவருடைய சொந்தக் கதிரை. கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

மாமாவுக்குப் படம் என்றால் உயிர். ஒரு காலத்தில் டவுனில் எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, லேஞ்சி நனைய அழுதுவிட்டு வருவார். மூன்று வருடச் சபதத்தைப் பிள்ளைப் பாசத்தால் அசைக்க முடியவில்லை. வீடியோ அசைத்துவிட்டது.

மாமா எல்லாரையும் தாண்டி முன்னுக்கு வந்து, கதிரையை வைத்து, அதில் இருந்து, போத்தலைக் காலடியில் வைத்தார்.

“அக்கா, நான் உன்ரை வீட்டுக்கு வரேல்லை. படத்துக்கு வந்தனான்.”

“ஆர் இல்லையெண்டது,” என்றார் அம்மா.

அத்தானைப் பார்த்தேன். கசெற்றைத் தலைகீழாக டெக்குக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பிரயாணக் களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

படம் தொடங்கியது. ஹிந்தி ஒருவருக்கும் தெரியாது, எனவே அத்தான் ரிவிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. கதாநாயகி ஒரு பெரிய பட்டணத்தில் பூக்கடை வைத்திருக்கிறாள். உயரமான, நல்ல கண் உள்ள பிள்ளை. ஒரு பஸ் கண்டக்டர் அவளிடம் தினமும் பூ வாங்க வருகிறான். வீட்டில் யாருக்குப் பூ என்று கேட்டால், ‘சாமிக்கு’ என்கிறான். ஒரு நாள் அவள் பின்னால் போய்ப் பார்த்தால், அவன் வாங்கிய பூவெல்லாம் அவன் வேலை செய்கிற பஸ்ஸின் முன் கண்ணாடியில் தொங்குகிறது. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அந்த அரை மணி நேரத்தில் சரவணை முழுக்க அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுத்துவிட்டது.

பிறகு அவள் பலகாரப் பெட்டியோடு ஒரு சின்ன ரயில் ஸ்டேசனுக்குப் போகிறாள். ஸ்டேசன் மாஸ்டர் அவளுடைய தகப்பன். அவளைக் கண்டதும் அறைக்கதவைச் சாத்துகிறான். அவள் கதவைத் தட்டித் தட்டி, பலகாரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். அவன் வெளியே வந்து அதைத் தண்டவாளத்தில் எறிகிறான்.

“ஏன்? ஏன் எறியிறான்?” என்று பல குரல்கள்.

அத்தான் மாமாவின் பிடரியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “அந்தப் பிள்ளைக்கு… செவ்வாய் தோசமாம்.”

“இதுக்கோ?” என்று மாமா கதிரையில் நிமிர்ந்தார். “செவ்வாயெண்டால் ஒரு செவ்வாய்க்காரனாய்ப் பாத்துக் கட்டி வைக்கிறதுதானே, மடையா! பெத்த பிள்ளையை வாசலிலை நிப்பாட்டி வைக்கிறவன் ஒரு தேப்பனே? இவனையெல்லாம் அந்த ரயிலுக்கு முன்னாலை கட்டவேணும்!”

ஜெனரேற்றர் மட்டும் முற்றத்தில் தடதடத்துக்கொண்டிருந்தது. எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பிக் குசினிக் கதவைப் பார்த்தன. மச்சாள் கையில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். மாமா மட்டும் திரும்பவில்லை. அவர் லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அத்தானின் மொழிபெயர்ப்பு தலைகீழாய்ப் போகத் தொடங்கியது. கதாநாயகி ஒரு டொக்டரிடம் போகிறாள்.

“செவ்வாய்க்கு ஏன் டொக்டர்?” என்று அம்மா கேட்டார்.

“அது… இரத்தத்திலை கலந்திட்டுதாம் மாமி.”

பழைய காலத்தைக் காட்டுகிறார்கள். ஒரு பொடியன் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைக்கிறான். ஸ்டேசன் மாஸ்டர் வந்து அவன் தலையை மொட்டை அடிக்கிறார்.

“இதார்?”

“தம்பி. அவவின்ரை தம்பி. செத்துப்போனார்.”

“இப்பத்தானே நிண்டவர்? எப்ப செத்தவர்?”

“பிறகு,” என்றார் அத்தான். சேட் முதுகில் ஒட்டியிருந்தது.

கடைசியில் கடற்கரைக் காட்சி வந்தது. கதாநாயகி ஒரு மதிலில் இருந்துகொண்டு கண்டக்டருக்குத் தன் கதையைச் சொல்கிறாள். அழுகிறாள், நிறுத்துகிறாள், திரும்பச் சொல்கிறாள். அவன் எழும்பி நிற்கிறான். மறுபடி இருக்கிறான். பாட்டு இல்லை, இசை இல்லை, அவள் குரல் மட்டும்தான். அவ்வளவு நீளமான பேச்சை நாங்கள் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. எல்லாரும் அத்தானைப் பார்த்தோம்.

“தனக்குச் செவ்வாயெண்டு சொல்லுறா.”

“இவ்வளவு நேரம் கதைச்சது இதுதானோ?” என்றார் எதிர்வீட்டு அக்கா.

அப்போது குசினிப் பக்கமிருந்து மச்சாளின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை.

“அத்தான், இவ்வளவும் காணும். உள்ளதைச் சொல்லுங்கோ.”

அத்தான் டெக்கை நிறுத்தினார். கதாநாயகியின் முகம் திரையில் ஆடிக்கொண்டு நின்றது. அவர் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்: “அந்தப் பிள்ளை ஆம்பிளையாய்ப் பிறந்தது. தான் பொம்பிளையெண்டு அதுக்குத் தெரியும். தேப்பனுக்குத்தான் தெரியேல்லை. அதாலை வீட்டை விட்டுக் கலைச்சவர். அதைத்தான் இப்ப அவனுக்குச் சொல்லுறா. ‘இதுக்குப் பிறகும் பூ வாங்க வருவியோ’ எண்டு கேக்கிறா.”

முதலில் எழும்பியவர் சங்கக்கடை மனேச்சர். “நிப்பாட்டும் தம்பி! சின்னப் பிள்ளையள் இருக்கினம். குடும்பப் படமெண்டு சொல்லிப்போட்டு…”

“குடும்பந்தானே அது,” என்றார் அம்மா.

“விடுங்கோ படத்தை!” என்றார் எதிர்வீட்டு அக்கா. “இவ்வளவு நேரமும் பாத்த அதே பிள்ளைதானே. இப்ப மட்டும் கொம்பு முளைச்சிட்டுதோ? அவன் பூ வாங்க வந்தவனோ இல்லையோ? அதை முதலிலை சொல்லுங்கோ!”

பெண்கள் பக்கம் முழுவதும் அதே கேள்விதான். மனேச்சர் நின்ற இடத்தில் நின்றார். வெளியேறினால் அவருக்கும் முடிவு தெரியாமல் போய்விடும்.

மாமா எழும்பினார். கதிரையை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், பிள்ளைகளின் மேல் கால் படாமல் கடந்து, கதவைத் திறந்து வெளியே போனார். அவர் போவதைப் பார்த்த மச்சாளின் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை. அத்தான் மீண்டும் டெக்கைத் தட்டினார்.

கொஞ்ச நேரத்தில் திரையின் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. கண்டக்டரின் முகம் தெரியவில்லை. எல்லாரும் திரும்பினோம். பக்கத்து ஜன்னலின் சாக்கை வெளியிலிருந்து ஒரு விரல் தூக்கிப் பிடித்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு கண்.

“ஆரது? சாக்கை விடுங்கோ!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். சாக்கு விழுந்தது. சிறிது நேரத்தில் மீண்டும் வெளிச்சம். மீண்டும் கத்தல். கடைசியில் அம்மா போய்ச் சாக்கை முழுக்க விலக்கினார். வெயிலில், வியர்த்து வழிந்துகொண்டு, மாமா.

“ஒண்டில் உள்ளை வா. இல்லாட்டில் வீட்டை போ. சனத்தைப் படம் பாக்க விடு.”

மாமா உள்ளே வந்தார். ஆனால் கதிரைக்குப் போகவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றார். அந்த இடம் குசினிக் கதவிலிருந்து இரண்டு எட்டுக்கூட இல்லை.

கண்டக்டர் பூ வாங்க வந்தான். ஹோலில் கைதட்டல். அவன் வீட்டார் அவனை அடித்தார்கள், பூக்கடையை உடைத்தார்கள். எதிர்வீட்டு அக்கா அவர்களைத் திட்டிய திட்டைப் பிள்ளைகள் கேட்டிருக்கக்கூடாது. இருவரும் ஊரை விட்டுப் போவதென்று முடிவாகிறது. அவர்கள் ஏறிய ரயில், தகப்பன் வேலை செய்யும் அந்தச் சின்ன ஸ்டேசனில் வந்து நிற்கிறது. அவன் ஜன்னலில் மகளைக் காண்கிறான். கையில் சிவப்புக் கொடி. பச்சைக் கொடியைக் காட்டினால் ரயில் போய்விடும். அவன் காட்டவில்லை. சிவப்பைப் பிடித்தபடியே நிற்கிறான். ரயில் ஊதுகிறது, சனம் சத்தம் போடுகிறது, கார்ட் ஓடி வருகிறார். அவன் அசையவில்லை. அப்போது அவள் இறங்கி வருகிறாள். அவன் கையிலிருந்த சிவப்புக் கொடியை மெதுவாக வாங்கிச் சுருட்டுகிறாள். அவன் கக்கத்திலிருந்த பச்சைக் கொடியை எடுத்து விரித்து, அவன் கையில் கொடுத்து, கையைத் தூக்கிவிடுகிறாள். போய் ஏறுகிறாள். ரயில் போகிறது. கொடியைத் தூக்கியபடி அவன் நிற்கிறான்.

அந்தக் காட்சியில் பேச்சே இல்லை. அத்தானுக்கு வேலை இல்லை, அவரும் அழுதுகொண்டிருந்தார். சுவரடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது, மாடு கதறுவது மாதிரி. மாமா சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதார். மச்சாள் தட்டிலிருந்து ஒரு தேத்தண்ணியை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. ஆனால் தட்டியும் விடவில்லை. கதவு திறந்ததும் கதிரையையும் எடுக்காமல் போய்விட்டார்.

சனம் கலைந்த பிறகு அம்மா அத்தானைப் பிடித்துக்கொண்டார். “உமக்கு முதலே தெரியும்தானே என்ன படமெண்டு?”

“ஓம் மாமி. பம்பாயிலை நாலு தரம் பாத்தனான். மச்சாளைத்தான் நினைச்சனான். ஊருக்குக் காட்டவேணுமெண்டுதான் கொண்டுவந்தனான். மாமா வருவாரெண்டு ஆர் கண்டது? கதிரையோடை வந்து இருக்கிறார். எனக்குக் கைகால் ஓடேல்லை.”

“செவ்வாய் எங்கையிருந்து வந்தது?”

“இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை,” என்றார் அத்தான் பரிதாபமாக.

மச்சாள் சிரித்த சிரிப்பில் கிளாஸ் ஒன்று உடைந்தது.

மாமாவின் கதிரை எங்கள் ஹோலில் இருந்தது. அவர் எடுக்க வரவில்லை. சில நாள் கழித்து ஒரு பின்னேரம் வந்து முற்றத்தில் நின்றார். “கதிரையை எடுக்க வந்தனான்.” நான் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். அவர் அதிலேயே இருந்துவிட்டார். சொந்தக் கதிரைதானே, சபதம் பிழைக்கவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்து மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் அம்மாவோடு கதைத்துவிட்டு எழும்பிப் போனார். கதிரையை எடுக்கவில்லை. அடுத்த நாளும் கதிரை எடுக்க வந்தார். அதற்கு அடுத்த நாளும். அம்மா தேத்தண்ணி கொடுத்தபோது, “தண்ணி குடிக்கமாட்டனெண்டு சொன்னனான்,” என்றார்.

“இது தண்ணியில்லை. தேத்தண்ணி.”

யோசித்துப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

பெரிய கஷ்டம் மச்சாளைப் பற்றிப் பேசும்போதுதான். அவன் என்று சொல்ல வாய் வரவில்லை, அவள் என்று சொல்ல மனம் வரவில்லை. எனவே மாமா இரண்டும் இல்லாத ஒரு தமிழைக் கண்டுபிடித்தார்.

“அக்கா, உங்கை ஆட்டுக்குக் குழை வெட்டுற ஆள் நிக்குதோ?”

“எந்த ஆள்?”

“வெட்டுற ஆள்.”

“அவ குளிக்கிறா.”

“குளிச்சு முடிஞ்சாப்போலை, என்ரை வேலியிலை பூவரசங்குழை சும்மா கிடக்குதெண்டு சொல்லு.”

கிணற்றடியிலிருந்து மச்சாள் கத்தினாள்: “எனக்குச் சொல்லுறதை என்னட்டைச் சொல்லச் சொல்லுங்கோ மாமி!”

மாமா கிணற்றுப் பக்கம் பார்க்காமல், வானத்தைப் பார்த்து, அதே குரலில் கத்தினார்: “பூவரசங்குழை சும்மா கிடக்கு!”

அதுதான் மூன்று வருடத்தில் தகப்பன் பிள்ளையிடம் பேசிய முதல் பேச்சு. மச்சாள் அன்றைக்கே போய் அவருடைய மேற்கு வேலியை மொட்டை அடித்துவிட்டாள். மறுநாள் மாமா வந்து, குழை வெட்டினால் கொப்பை விடவேண்டாமா என்று சத்தம் போட, அவள் திருப்பிச் சத்தம் போட, இருவரும் மனம் நிறையச் சண்டை பிடித்தார்கள். அம்மா குசினிக்குள் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “பிடிக்கட்டும், பிடிக்கட்டும்,” என்றார்.

சண்டை ஓய்ந்த ஒரு நாள் மாமா மச்சாளிடம் கேட்டார்: “அந்தப் படத்திலை, கொடியை வாங்கேக்கை, அந்தப் பிள்ளை தேப்பனிட்டை ஏதோ சொன்னது. என்ன சொன்னது?”

“ஒண்டும் சொல்லேல்லை ஐயா.”

“சொன்னது. வாய் அசைஞ்சது. நீ வடிவாய்ப் பாக்கேல்லை.”

இந்த வழக்கைத் தீர்க்க மாமா தானே டவுனுக்குப் போய் டெக்கும் ரிவியும் கொண்டு வந்தார். இந்தமுறை வீட்டுச் சனம் மட்டும்தான். மச்சாள் குசினிக் கதவடியில் நிற்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். அத்தான் மொழிபெயர்க்க வாயைத் திறந்த இடமெல்லாம் மாமா, “நீர் சும்மா இரும், எனக்குத் தெரியும்,” என்று தானே கதை சொன்னார். கொடிக் காட்சியை மூன்று தரம் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். வாய் அசையவில்லை. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “சொல்லியிருக்கும்,” என்றார். “ஒண்டும் சொல்லாமல் ஒரு பிள்ளை போகாது.”

மச்சாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லியிருக்கும் ஐயா,” என்றாள் பிறகு.

மன்னிப்பு என்ற சொல் மாமாவின் அகராதியில் இல்லை. அதற்குப் பதிலாக அவர் ஒரு நாள் சொன்னார்: “வீட்டிலை எலி கூடிப்போச்சு.”

“பூனை வளருங்கோ,” என்றாள் மச்சாள்.

“பூனைக்கு ஆர் சோறு வைக்கிறது?”

மச்சாள் இன்னும் ஒரு பிடி மிளகாயை ஆய்ந்து முடித்தாள். “நான் வந்தால் ஆடும் வரும்.”

“கொட்டில் சும்மாதானே கிடக்கு.”

“சேலைதான் கட்டுவன்.”

“வேறையென்னத்தைக் கட்டுறது?” என்று எரிச்சலோடு கேட்டுவிட்டு, மாமா எழும்பி முன்னால் நடந்தார். அவள் ட்ரங்குப் பெட்டியை நானும் அத்தானும் பின்னால் தூக்கிக்கொண்டு போனோம். ஒழுங்கையில் நின்றவர்கள் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும், “என்ன பிள்ளை, பூக்கடை திறக்கப் போறியோ?” என்று கேட்டார். “கண்டக்டர் ஒருத்தன் வந்தால் திறப்பம் அக்கா,” என்றாள் மச்சாள்.

கண்டக்டர் ஒருவரும் வரவில்லை. ஊரும் ஒரு படத்தோடு திருந்திவிடவில்லை. கோயிலில் அவளுக்கு இடம் விட இன்னும் காலம் எடுத்தது, சிலர் கடைசி வரை விடவில்லை. ஆனால் அவள் மறித்தால் பஸ் நின்றது. பக்கத்தில் மாமா குடையோடு நிற்பார் என்பது ஒரு காரணம்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து எங்கள் தீவுகளை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது நாங்களும் நடந்தும் வள்ளம் ஏறியும் டவுனுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வெயில் ஏறிய நேரம். ஒரு வகுப்பறையில் பெண்கள், அடுத்ததில் ஆண்கள் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாக நின்றவர் இளைஞர், களைத்துப்போயிருந்தார். மச்சாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, “ஐயா, உங்களோடை வந்த ஆள் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

மாமாவுக்கு வழி நெடுகக் கால் கொப்பளித்திருந்தது. பசி வேறு.

“என்ரை மகளைப் பாத்தால் உமக்கு ஆம்பிளை மாதிரியோ தெரியுது? கண்ணாடி போடும் தம்பி. முதலிலை எனக்கு ஒரு இடத்தைக் காட்டும். நிக்க ஏலாமல் கிடக்கு.”

அந்த இளைஞர், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா,” என்று மச்சாளுக்கு வழி விட்டார். மகள் என்று தன் வாயில் வந்ததை மாமா கவனித்ததாகவே தெரியவில்லை. நான் மச்சாளைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கு நின்ற பெண்களின் வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்ற யாருடனோ ஏதோ சண்டை. சத்தம் கேட்டது. மாமா பள்ளிக்கூட வாங்கில் படுத்து, சால்வையால் முகத்தை மூடி, குறட்டை விடத் தொடங்கியிருந்தார்.